யார் பேச்சைக் கேட்டார் கட்டபொம்மன்?

கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கத்தில் யாரிடமாவது கட்டபொம்மன் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தொடங்கினாலும் நடுவில் இரண்டு பேச்சு வந்தே தீரும். ஒன்று, "எல்லாம் அந்தத் தானாபதிப் பிள்ளையால வந்த வினை." இன்னொன்று, "வெள்ளையம்மா அம்புட்டுச் சொல்லியும் கேக்காமப் போனான், போயே போயிட்டான்." முதலாவது, பக்கத்தில் வைத்துக்கொண்ட ஆலோசகரைப் பற்றிய புகார். இரண்டாவது, தள்ளிவிட்ட ஆலோசனையைப் பற்றிய புலம்பல்.

கோட்டை, கிஸ்தி, பீரங்கி, தூக்குக்கயிறு எல்லாம் இருந்தாலும், அடியில் பார்த்தால் இது ஆலோசனையைப் பற்றிய கதை. யார் சொன்னதை யார் கேட்டார், ஏன் கேட்டார், ஏன் கேட்கவில்லை என்பதுதான் கதையை நகர்த்துகிறது. ஆனால் கட்டபொம்மனைப் பற்றி நாம் நடத்திய விவாதம் பெரும்பாலும் வேறு பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. அவரை விடுதலை வீரராக நிறுத்தினார். தமிழ்வாணன் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்று புத்தகமே போட்டார். வீரனா, கொள்ளைக்காரனா என்ற அந்தச் சண்டையில், ஒரு பாளையக்காரர் தன் முன் இருந்த வழிகளை எப்படி எடைபோட்டார் என்ற கேள்வி காணாமல் போனது.

எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அது நம் கேள்வியும்கூட. கல்லூரியில் எந்தப் பிரிவை எடுப்பது, வேலையை விடலாமா, யாரைக் கட்டிக்கொள்வது என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஆலோசனை வந்து குவிகிறது. எதைக் கேட்கிறோம், எதைத் தள்ளுகிறோம் என்பதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணம் ஒன்று. உள்ளே வேலை செய்யும் காரணம் வேறு. உள்ளே இருக்கும் அந்தக் காரணத்தைக் கட்டபொம்மன் கதை நன்றாகவே காட்டும், நாம் சினிமாவைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தால்.

தள்ளிவைப்பதற்கு முன்பு சினிமாவையே பார்த்துவிடலாம்.

*

பி.ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் வந்தது. சிவாஜியின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் தலைமுறை இன்னும் இருக்கிறது. என்னைக் கேட்டால், படத்தில் மனித மனதைத் தொடும் இடம் ஜாக்சன் காட்சி இல்லை. போருக்குக் கிளம்பும் வெள்ளையத்தேவனிடம் (ஜெமினி கணேசன்) வெள்ளையம்மாள் (பத்மினி) தான் கண்ட கெட்ட கனவைப் பாட்டாகச் சொல்லி, போக வேண்டாம் என்று கெஞ்சும் இடம்தான். அவன் போகிறான். சாகிறான்.

அந்தப் பாட்டு ஓடும்போது பார்வையாளராக நமக்கு என்ன வேண்டியிருக்கிறது? வெள்ளையம்மாளின் கனவு பலிக்கும் என்று நமக்குத் தெரியும். அவள் சொல்வது சரி. ஆனாலும் அவன் வாளைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா, நீ சொல்றதும் நியாயந்தான்" என்று திண்ணையில் உட்கார்ந்தால் படம் அங்கேயே செத்துவிடும். ஆலோசனை சரியாக இருக்க வேண்டும், அதைக் கேட்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் நமக்குக் கண்ணீர் வரும்.

இது சினிமா கண்டுபிடித்த தந்திரம் இல்லை. தமிழ்க் கதைப்பாடல்களில் சாவுக்கு முன்னால் கனவோ, சகுனமோ, யாராவது ஒருவரின் தடுப்போ வருவது பழைய வழக்கம். செஞ்சியில் 1714இல் இறந்த ராஜா தேசிங்கின் கதையில் சாமியே தடுக்கிறது. போருக்கு விடைகேட்டுப் போன தேசிங்கிடமிருந்து சிங்கவரம் அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க்கதை. தேசிங்கு அப்போதும் போனான். மனைவி சொல்லியும், கடவுளே சொல்லியும் கேட்காதவன்தான் கதைத்தலைவன் ஆகிறான். சொல் கேட்டு வீட்டில் தங்கியவனைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டியதில்லை.

இந்த அழகியலை நான் குறைசொல்லவில்லை. அந்தப் பாட்டு எப்போது வந்தாலும் நானும் சேனலை மாற்றுவதில்லை. ஆனால் இது நமக்குள் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறது. கேட்பது கோழைத்தனம், கேட்காமல் போவது வீரம் என்ற சமன்பாடு அது. அதோடு ஆலோசனை எப்படி வேலை செய்கிறது என்பதையே அது தப்பாகக் காட்டுகிறது. வெள்ளையம்மாளிடம் இருப்பது பயமும் கனவும்தான். எதிரியிடம் எத்தனை பீரங்கி, எந்தப் பக்கச் சுவர் பலவீனம் என்று அவளால் சொல்ல முடியாது. கதை அவளுக்கு அந்த அறிவைக் கொடுக்கவே இல்லை. வெள்ளையத்தேவன் எடைபோட்டுப் பார்க்க அவன் கையில் எதுவும் தரப்படவில்லை. அவன் முன்னால் இருக்கும் தேர்வு, போவது அல்லது 'பெண்டாட்டி பேச்சைக் கேட்டுப் பின்வாங்கியவன்' ஆவது. கதையே அவனுக்கு வேறு வழி வைக்கவில்லை.

*

உளவியலில் இதற்கென்று ஒரு துறையே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு இலான் யானிவும் எலி க்ளைன்பெர்கரும் வெளியிட்ட ஆய்வு அதில் முக்கியமானது. சோதனை எளிமையானது. ஒரு வரலாற்று நிகழ்வு எந்த ஆண்டு நடந்தது என்று உங்களை ஊகிக்கச் சொல்வார்கள். பிறகு இன்னொருவரின் ஊகத்தைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு உங்கள் விடையை மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். இப்படிப்பட்ட சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது ஒன்றுதான். இருவரின் ஊகத்தையும் சராசரி எடுத்தாலே விடை மேம்படும் என்ற நிலையிலும், ஆட்கள் தங்கள் ஊகத்தைத்தான் அதிகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் சொன்னதன் பக்கம் நகர்வது பெரும்பாலும் 20, 30 சதவீத தூரம்தான்.

இதை அகங்காரம் என்று முடித்துவிடலாம். யானிவ் கொடுத்த விளக்கம் அதைவிட நுட்பமானது. என் முடிவுக்கான காரணங்கள் என் தலைக்குள் இருக்கின்றன. எனக்கு அவை தெரியும். நீங்கள் சொன்னதற்கான காரணங்கள் உங்கள் தலைக்குள் இருக்கின்றன. எனக்கு வந்து சேர்வது முடிவு மட்டும்தான். காரணம் தெரிந்த முடிவுக்கும் காரணம் தெரியாத முடிவுக்கும் நடுவில், முதலாவது கனமாகத் தெரிவது இயல்பு.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இதைச் சோதனைக்கூடம் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கோட் ரிவ்யூ போதும். "இந்த வேரியபிள் பெயரை மாத்துங்க" என்று எழுதினால் அஞ்சு நிமிஷத்தில் மாறிவிடும். "இந்த அணுகுமுறையே சரியில்ல, வேற மாதிரி யோசிக்கலாம்" என்று எழுதினால் நாற்பது கமெண்ட் நீளத்துக்கு வாதம் ஓடும். முதல் ஆலோசனையை ஏற்பதில் எழுதியவருக்கு எந்த இழப்பும் இல்லை. இரண்டாவதை ஏற்றால், மூன்று நாள் யோசித்த அந்த ஆள் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இலேயே இதன் வேறொரு பக்கத்தை எழுதினார். தன் சுதந்திரம் பறிபோகிறது என்று தோன்றும் கணத்தில், பறிபோகும் அந்த வழியே மனிதருக்கு மேலும் பிடித்துப்போகிறது. "அந்தப் பையனோட சேராத" என்று சொன்ன எந்தத் தகப்பனுக்கும் பிரெம் சொன்னது தெரியும்.

ஆனால் இந்தச் சோதனைகளுக்கு ஒரு எல்லை உண்டு. சோதனைக்கூடத்தில் ஆலோசனை சொல்பவருக்கு ஊர் இல்லை, சாதி இல்லை, பங்காளிச் சண்டை இல்லை. சூயஸ் கால்வாய் எந்த ஆண்டு திறக்கப்பட்டது என்று அவர் தப்பாகச் சொன்னால் உங்களுக்கும் நஷ்டமில்லை, அவருக்கும் லாபமில்லை. 1799இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் அப்படி ஒரு ஆலோசகர்கூட இருந்ததில்லை.

*

நாம் மறந்துவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. கட்டபொம்மன் பேச்சைக் கேட்டவர். பணிந்தும் போனவர்.

1798இல் கலெக்டர் ஜாக்சன், 3310 வராகன் கிஸ்தி பாக்கி என்று சொல்லி, தன்னை வந்து பார்க்குமாறு ஆணை அனுப்பினார். கட்டபொம்மன் கிளம்பிப் போனார். ஜாக்சன் குற்றாலத்தில் பார்க்க மறுத்தார். ஊர் ஊராக முகாம் மாற்றிக்கொண்டே போனார். கட்டபொம்மன் பின்னாலேயே போனார். கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தது. அங்கே நிற்கவைத்து விசாரித்தார்கள். அவரைப் பிடித்துவைக்கப் பார்க்கிறார்கள் என்ற நிலை வந்ததும் கைகலப்பு வெடித்தது. லெப்டினண்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், அவருடன் போயிருந்த அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். தானாபதி என்பது பதவிப் பெயர். நாம் தானாபதிப் பிள்ளை என்று சொல்வது இவரைத்தான்.

அடுத்து நடந்ததுதான் நம் நினைவில் தங்குவதில்லை. கட்டபொம்மன் வாளை உருவிக்கொண்டு போருக்குப் போகவில்லை. சென்னை அரசாங்கத்துக்கு மனு போட்டார். கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். பிரௌன், ஓரம், காசமேஜர் என்ற மூன்று பேர் அதில் இருந்தார்கள். கட்டபொம்மன் குழுவின் முன்னால் ஆஜரானார். குழு அவர் மீது குற்றமில்லை என்றது. அமைச்சர் விடுவிக்கப்பட்டார். ஜாக்சன் பதவி இழந்தார். அவர் இடத்துக்கு லஷிங்டன் வந்தார்.

வாய்ச்சவடால் வீரர் என்றோ முரட்டுக் கொள்ளைக்காரர் என்றோ நாம் பிரித்து வைத்திருக்கும் இரண்டு கட்டபொம்மன்களும் இப்படிச் செய்யமாட்டார்கள். மனு எழுதி, குழுவின் முன் நின்று, வாதத்தில் ஜெயித்த கட்டபொம்மனுக்கு நம் கலையில் இடமே கிடைக்கவில்லை. ஜாக்சனிடம் கேட்ட வசனம் நினைவிருக்கிறது, ஜாக்சனின் வேலை போனது நினைவில்லை.

அடுத்த வருடம் மேஜர் பானர்மன் படையோடு வந்தார். 1799 செப்டம்பர் 1ஆம் தேதி ஓலை போனது, 4ஆம் தேதி பாளையங்கோட்டையில் வந்து என்னைப் பார் என்று. கட்டபொம்மன் பிடிகொடுக்காமல் பதில் அனுப்பினார். 5ஆம் தேதி பானர்மன் கோட்டை வாசலுக்கே வந்துவிட்டார். சரணடையச் சொல்லித் தூதராக ராமலிங்க முதலியாரை உள்ளே அனுப்பினார்.

இந்தத் தூது ஆலோசனையா, மிரட்டலா, உளவா? மூன்றும்தான். "சரணடைஞ்சிட்டா உங்களுக்கு நல்லது" என்று சொல்லப்போன அதே மனிதர், கோட்டைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துக்கொண்டு திரும்பி வந்து பானர்மனிடம் சொன்னார். நல்லதுக்குச் சொல்லும் வாய்க்கு மேலேயே கணக்கெடுக்கும் கண்ணும் இருந்தது.

யானிவும் க்ளைன்பெர்கரும் அதே ஆய்வில் இன்னொன்றையும் கண்டார்கள். ஆலோசகர் மீதான நம்பிக்கை சீக்கிரம் கெட்டுப்போகிறது, மெதுவாகத்தான் கூடுகிறது. பத்து தரம் சரியாகச் சொன்னவர் ஒரு தரம் தவறினால் போதும். இப்போது கட்டபொம்மன் இடத்தில் நின்று பாருங்கள். போன வருடம் "வந்து பார்" என்ற அழைப்பை ஏற்றுப் போனவர், தன் அமைச்சரைச் சிறையில் விட்டுவிட்டு உயிர் தப்பி வந்தார். இந்த வருடமும் அதே கும்பனியிடமிருந்து அதே அழைப்பு. இதை ஏற்காததற்குப் பெயர் பிடிவாதமா? கையில் இருந்த தரவுக்கு ஏற்ப அவர் தன் கணிப்பை மாற்றிக்கொண்டார் என்றுதான் ஒரு பொறியாளராக எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. முடிவு நாசமாய்ப் போனது என்பதால் யோசித்த விதம் தப்பு என்று ஆகிவிடாது.

*

இனி தானாபதிப் பிள்ளை.

கட்டபொம்மன் பற்றிய கதைப்பாடல்களை நா. வானமாமலை பதிப்பித்தார், 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இந்தக் கதை மரபில் சண்டைக்கு விதை ஸ்ரீவைகுண்டத்தில் விழுகிறது. அங்கிருந்த கும்பனியின் நெற்களஞ்சியத்தைப் பிள்ளையின் ஆட்கள் கொள்ளையடிக்கிறார்கள். கும்பனி பிள்ளையை ஒப்படைக்கச் சொல்கிறது. கட்டபொம்மன் முடியாது என்கிறார். அங்கிருந்து எல்லாம் சரிகிறது. "பிள்ளையால வந்த வினை" என்ற பேச்சு இப்படித்தான் பிறந்தது.

கும்பனியின் செயலைப் பாருங்கள். பிள்ளை பிடிபட்டதும் கட்டபொம்மன் கிடைக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. 1799 செப்டம்பர் 13ஆம் தேதி நாகலாபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தலையைக் கொண்டுபோய்ப் பாஞ்சாலங்குறிச்சியில் ஊர் பார்க்க வைத்தார்கள்.

கட்டபொம்மனைக் கொண்டாடும் பாட்டும் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பனியும் வேறு எதிலும் ஒத்துப்போகமாட்டா. அமைச்சர் விஷயத்தில் மட்டும் இரண்டின் கையும் ஒரே ஆளை நோக்கி நீள்கிறது. ஏன்?

கெட்ட ஆலோசகன் என்ற பாத்திரம் எல்லாருக்கும் வசதியானது. கைகேயியைக் காப்பாற்ற மந்தரை வேண்டும். துரியோதனன் மீது கொஞ்சமாவது இரக்கம் வர வேண்டுமென்றால் சகுனி வேண்டும். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனை எதிர்த்து நாடாளுமன்றம் படை திரட்டியபோதுகூட, எங்கள் சண்டை அரசனோடு இல்லை, அவரைக் கெடுக்கும் ஆலோசகர்களோடுதான் என்றே முதலில் சொன்னார்கள். முடிவெடுத்தவனை நேசிக்க வேண்டும், முடிவை வெறுக்கவும் வேண்டும் என்றால் நடுவில் ஒரு ஆளைப் போட்டுவிட்டால் போதும்.

நிஜ வாழ்க்கையிலும் நாம் ஆலோசனை கேட்கப் போவது அறிவுக்காக மட்டும் இல்லை. நைஜல் ஹார்வியும் இலான் பிஷ்ஷரும் 1997இல் எழுதிய ஆய்வு இதைத் தெளிவாகவே சொன்னது: பொறுப்பைப் பங்குபோட ஒரு ஆள் வேண்டும் என்பதும் ஆலோசனை கேட்பதற்கு ஒரு காரணம். "மாமாதான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொன்னாரு" என்று இருபது வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்! மாமா சொன்னது ஒரு நாள். எடுத்தது நாம். ஆனால் அந்த வாக்கியத்தில் எழுவாய் மாமாதான்.

இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால், பிள்ளையை ஒப்படைக்க மறுத்தது வேறு மாதிரித் தெரிகிறது. கும்பனி கட்டபொம்மன் கையில் கொடுத்தது ஒரு சாக்கு. 'தப்பெல்லாம் அமைச்சருடையது, எனக்குத் தெரியாமல் நடந்தது' என்று சொல்லி ஒரு தலையைக் கொடுத்துவிட்டால் பாளையம் தப்பிக்க வழி உண்டு. வரலாற்றில் எத்தனையோ அரசர்கள் அப்படித் தப்பித்திருக்கிறார்கள். கதைப்பாடலின் கட்டபொம்மன் அந்தச் சாக்கை எடுத்துக்கொள்ளவில்லை. என் ஆள் செய்தது என் கணக்கில் வரட்டும் என்று நிற்கிறார். இந்தக் கதையில் என்னை அசைப்பது இதுதான். ஜாக்சனிடம் எதிர்த்துப் பேச நாக்கு போதும். ஆலோசகரைப் பலிகொடுக்காமல் இருப்பதற்கு, முடிவு என்னுடையது என்று ஒத்துக்கொள்ளும் நெஞ்சு வேண்டும்.

ஆனால் பாட்டைக் கேட்ட நாம் அந்த நியாயத்தைக்கூட அவருக்குச் செய்யவில்லை. அவர் கொடுக்க மறுத்த தலையை, "பிள்ளையால வந்த வினை" என்று சொல்லிச் சொல்லி இருநூறு வருடமாக நாமே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆலோசகர் பக்கத்திலிருந்து பார்க்கவும் நம்மிடம் ஒரு பெரிய இலக்கியச் சான்று இருக்கிறது. கம்பனின் யுத்த காண்டம். சீதையை விட்டுவிடு என்று வீடணன் சொல்கிறான். கும்பகருணனும் போருக்குப் போகும் முன்பு அதையேதான் சொல்கிறான். இராவணன் இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. வீடணன் விலகிப் போகிறான். கும்பகருணன், சாவு நிச்சயம் என்று தெரிந்தே, அண்ணனுக்காகப் போருக்குப் போகிறான். அறத்தின் பக்கம் வீடணன் என்பதில் கம்பனுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் படிக்கிறவர் நெஞ்சில் தங்குவது கும்பகருணன். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, கேட்கப்படாதபோதும் பக்கத்தில் நின்றான் என்பதால். ஆலோசனையைப் பெறும்போது நாம் எல்லாருமே சத்தமில்லாமல் கேட்கும் கேள்வி அதுதான். நான் உன் பேச்சைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், விழுந்தால் நீ எங்கே இருப்பாய்?

*

இந்தக் கேள்வி அரசர்களுக்கு மட்டும் உரியது இல்லை. அதே கரிசல் மண்ணில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இலிருந்து இயங்குகிறது. மானாவாரி விவசாயிகளுக்கு அது சொல்லிவரும் ஆலோசனைகளில் ஒன்று, பருவமழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவது. முதல் நல்ல மழையிலேயே பயிர் முளைத்து, கிடைக்கும் ஈரம் முழுவதையும் பயன்படுத்திக்கொள்ளும். அறிவியல் சரிதான். ஆனால் விதைப்பெட்டியைத் திறக்கும் சம்சாரி மனதில் ஓடுவது வேறு கணக்கு: "மழை ஏமாத்திருச்சின்னா வெதைக்காசு யாரு தருவா?" சொன்னவர் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும். அதனால்தான் அவர் ஆராய்ச்சி நிலையத்தின் துண்டறிக்கையைவிடப் பக்கத்துப் புஞ்சைக்காரர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறார். பக்கத்துப் புஞ்சைக்காரர் தப்பு செய்தால் அவரும் சேர்ந்து தோற்பார். இதை அறியாமை என்று சொல்பவர்கள், நஷ்டத்தில் பங்கில்லாத யோசனையை எப்போதாவது தங்கள் காசை வைத்து நம்பிப் பார்க்கட்டும்.

இந்தக் கதை இந்த ஊருக்கும் மொழிக்கும் விட்டுப்போன இன்னொரு சுமை, எட்டப்பன் என்ற சொல். எட்டயபுரத்துப் பாளையக்காரர் கும்பனி பக்கம் நின்றார். பாஞ்சாலங்குறிச்சியோடு அவருக்கு நெடுநாள் எல்லைத் தகராறு இருந்தது. அவர் கணக்கில் அது புத்திசாலித்தனம். அவர் வம்சத்தின் ஜமீன் நீடித்தது. எதிரியின் கோட்டை இடிந்தது. ஆனால் அவர் பெயர் தமிழில் வசைச்சொல்லாகிவிட்டது. வசை அவருக்குப் பொருந்துமா என்பது இருக்கட்டும். அந்தச் சொல் நம்மை என்ன செய்தது? சமாதானமாகப் போகலாம் என்று சொல்ல வாயெடுக்கும் ஒவ்வொருவர் மீதும் அது விழக் காத்திருக்கிறது. வேலைநிறுத்தத்தில் பேச்சுவார்த்தைக்குப் போகலாம் என்பவர், பங்காளி வழக்கில் விட்டுக்கொடுக்கலாம் என்பவர், கட்சிக் கூட்டத்தில் தலைவரிடம் 'இது வேண்டாம்' என்பவர் எல்லாரும் எட்டப்பன். அரசனை இடித்துரைக்க ஆள் வேண்டும், அப்படி ஒருவர் இல்லாதவன் பகைவன் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் எச்சரித்திருக்கிறார். இடித்துரைப்பவனுக்கும் காட்டிக்கொடுப்பவனுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்ட சமூகத்தில் யார் இடித்துரைக்க வருவார்?

*

கடைசியாக ஊமைத்துரை. கட்டபொம்மனின் தம்பி, பேச முடியாதவர்.

1801 பிப்ரவரி 2ஆம் தேதி அவர் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களில் ஊரே சேர்ந்து மறுபடி எழுப்பியது. அந்தப் போரில் எதிர்ப்பக்கம் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830இல் தன் நினைவுக்குறிப்புகளை வெளியிட்டார். ஊமைத்துரையின் சிறு சைகைக்கும் அந்த மக்கள் கட்டுப்பட்டார்கள் என்று அவர் வியக்கிறார். அவர் உத்தரவிடும் விதத்தையும் விவரிக்கிறார். இடது உள்ளங்கையில் சில துரும்புகளை அடுக்குவார். அவைதான் ஆங்கிலப் படை. மறு கையால் அவற்றை ஒரே வீச்சில் தள்ளிவிட்டு வாயால் விஸ்ஸென்று ஒலி எழுப்புவார். தாக்குதலுக்கு அதுவே ஆணை.

ஒரு வார்த்தைகூட இல்லாத ஆலோசனை. காரணம் சொல்லவில்லை, வாதம் செய்யவில்லை. எல்லாரும் கேட்டார்கள். யானிவின் சோதனைக்கூடத்தால் இதை விளக்க முடியாது. அவர் அடுத்தவரைப் போகச் சொல்லும் ஆள் இல்லை, முன்னால் போகும் ஆள் என்பது அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. துரும்போடு துரும்பாக அவர் தன்னையும் கையில் வைத்திருந்தார்.

அவர்கள் தோற்றார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1801 மே 24ஆம் தேதி கோட்டை விழுந்தது. நம்பிக்கையோடு கேட்கப்படும் ஆலோசனை சரியான ஆலோசனையாகத்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கூட நிற்பவர் பேச்சைக் கேட்கிறோம். கூட நிற்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. விஷயம் தெரிந்தவர் நம்மோடு நிற்பதில்லை. இந்த இடைவெளியில்தான் மனிதர்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அன்றைக்கும் இன்றைக்கும். ஆலோசனை சொல்ல விரும்புகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: உங்கள் முடிவை மட்டும் சொல்லாதீர்கள், காரணத்தைத் திறந்து காட்டுங்கள், கேட்காவிட்டாலும் நான் இங்கேதான் இருப்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆலோசனை பெறுகிறவர்களிடம் கேட்பது: எடுத்த பிறகு அது உங்களுடையது, மாமாவை விட்டுவிடுங்கள்.

1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில், கூட்டிவைத்த பாளையக்காரர்கள் முன்னால் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். மறுநாள் பானர்மன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம், கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இருக்கிறது. விசாரணை நெடுக அவர் அஞ்சவில்லை. எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் இகழ்ச்சியோடு பார்த்தார். உறுதியான நடையோடு மரத்தடிக்குப் போனார் என்று அந்த எதிரியே எழுதுகிறார். போகும் வழியில் ஊமைத் தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வெளியே வந்திருக்கக் கூடாது, அதைக் காத்தபடி அங்கேயே செத்திருக்கலாம் என்று வருந்தினாராம். பானர்மனுக்கும் இது யாரோ வந்து சொன்னதுதான்.

அந்த வருத்தத்தில் யார் பெயரும் இல்லை. பிள்ளை பேச்சைக் கேட்டேன் என்று சொல்லவில்லை, முதலியார் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்றும் சொல்லவில்லை. கோட்டையை விட்டுக் கிளம்பியது அவர் எடுத்த முடிவு. அதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு போனார்.